எட்டு விநாடி பொறுக்காதவர்

நூலகத்தில் புதிதாகச் சேர்ந்த மருந்துக்கடைக்காரருக்கு இரண்டு உறுப்பினர் அட்டைகள் வந்தன. இரண்டிலும் அவர் பெயர், அவர் முகம், அவர் வீட்டு விலாசம். எண் மட்டும் வேறு. அவர் நேர்மையான மனிதர். ஆகவே இரண்டையும் பயன்படுத்தினார். அட்டைக்கு மூன்று புத்தகம் என்ற விதியை ஒருபோதும் மீறாமல் ஆறு புத்தகங்களாக எடுத்துப் போனார். கடைசியில், "மாமனார் வந்து தங்கியிருக்கார், மூணாவது அட்டை ஒண்ணு கிடைக்குமா?" என்று கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது.

தேடிப் பார்த்தால், அவர் மட்டும் இரட்டைப் பிறவி அல்ல. கடைத்தெருத் தையற்காரர் இருவராக இருந்தார். பூக்கடைக்காரரும் அவர் மகளும் சேர்ந்து நால்வர். பல் டாக்டருக்கு இரண்டு மனைவிகள் என்றது கணினி. அப்படியொரு பேச்சு கணினிக்கு முன்பே ஊரில் உண்டு என்றாலும், இரண்டு மனைவிக்கும் ஒரே முகம் இருந்ததால் டாக்டர் பிழைத்தார்.

ஒரே ஆளுக்கு இரண்டு கணக்கு எப்படி முளைக்கிறது என்று கண்டுபிடிக்கும் வேலை, மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்திருந்த மனிதரிடம் வந்தது. நூலகத்தின் கணினிப் பிரிவு என்பது அந்த அறையும் அவரும்தான். நின்றால் தலை இடிக்கும், உட்கார்ந்தால் முழங்கால் இடிக்கும். அவருக்கு எல்லாரும் வைத்திருந்த பெயர் 'வந்துச்சா'. யாருக்கு எதை அனுப்பினாலும் உடனே ஃபோன் செய்து "வந்துச்சா?" என்று கேட்பார். பக்கத்து மேசைக்கு அனுப்பினால் எழுந்து போய்க் கேட்பார். லிஃப்ட் பொத்தானில் விளக்கு எரிந்துகொண்டிருந்தாலும் இன்னொரு முறை அழுத்துவார். வீட்டைப் பூட்டிவிட்டுப் பூட்டை இழுத்துப் பார்ப்பார், தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பி வந்து, இழுத்தபோது கழன்றுவிடவில்லையே என்று மறுபடி இழுத்துப் பார்ப்பார். தன் புகைப்படத்தை யாருக்கும் எதற்கும் கொடுக்கமாட்டார். கல்யாண ஆல்பத்திலேயே பாதிப் படங்களில் திரும்பி நிற்கிறார்.

இப்படிப்பட்டவர் மனசார நம்பிய ஒரே பொருள், நூலகம் பயன்படுத்திய மென்பொருள். அது யாருக்கும் சொந்தமில்லாதது. பல தேசத்து நூலகக்காரர்கள் கூலி வாங்காமல் சேர்ந்து எழுதுவது. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் படிக்கலாம், சரியில்லை என்றால் திருத்தி அனுப்பலாம். அனுப்பிய திருத்தத்தை இன்னொருவர் பார்த்துச் சரி சொன்னால் அது எல்லா நூலகத்துக்கும் போய்விடும். எழுதிய ஒவ்வொருவரையும் தாராளமாகச் சந்தேகிக்க அனுமதி இருந்ததால் அவர் அதை நம்பினார். அவரும் சில திருத்தங்கள் அனுப்பியிருந்தார். அவற்றைச் சரிபார்ப்பவர் எந்த ஊரோ, ஆணோ பெண்ணோ தெரியாது. பெயருக்குப் பக்கத்தில் ஒரு கரடிப் படம் இருக்கும். வீட்டில் அவர் "கரடி சொல்லிடுச்சு" என்றால் திருத்தம் ஏறிவிட்டது என்று அர்த்தம்.

தலைமை நூலகர் அவரை அழைத்துக் கதவைச் சாத்தினார்.

"ரெட்டைக் கணக்கு எல்லாமே சாயங்காலத்துலதான் நடக்குது. காலையில ஒண்ணுகூட இல்ல. சாயங்காலம் கவுண்ட்டர்ல யாரு?"

"என் மச்சினி, சார்."

"தெரியும். நீங்களா சொல்றீங்களான்னு பார்த்தேன்."

கவுண்ட்டரில் இரண்டே பேர். காலையில் பேப்பர்காரர் என்று அழைக்கப்பட்டவர். அவர் பேப்பர் போடுகிறவர் அல்ல, படிக்கிறவர். நிரந்தர ஊழியர் என்பதால் அவருக்கு எந்த அவசரமும் கிடையாது. மாலையில் நம்மவரின் மனைவியுடைய தங்கை. தற்காலிகம். அக்கா வீட்டு மாடியறையில் குடியிருந்தாள். புது உறுப்பினர்களை அதிகம் சேர்ப்பவருக்கு நிரந்தர வேலை பற்றிக் கமிட்டியில் பேசுவதாகத் தலைமை நூலகர் சொல்லியிருந்தார். அதற்குப் பிறகுதான் ஊர் இரட்டிப்பாகத் தொடங்கியது.

"கணக்கு ஏறினா அவங்களுக்கு லாபம். நான் ஒண்ணும் சொல்லல. கமிட்டி கூடுறதுக்குள்ள, தப்பு மென்பொருள்ல இருக்கா ஆள்கிட்ட இருக்கான்னு சொல்லிடுங்க. ஆள்கிட்டன்னா, அவங்க பேரை எடுத்துட வேண்டியதுதான். அப்புறம் தற்காலிகமும் கிடையாது."

மச்சினியின் வேலை இப்படியாக மச்சானின் கையில் வந்து விழுந்தது. வேறொருவர் என்றால் சொந்தக்காரியைக் காப்பாற்ற வழி தேடியிருப்பார். இவர், தான் காப்பாற்றிவிட்டதாக ஊர் சந்தேகிக்குமோ என்று சந்தேகித்தார். நடுநிலை என்பதற்கு அவர் கண்ட பொருள், உறவுக்காரரைக் கொஞ்சம் கூடுதலாகச் சந்தேகிப்பது.

அன்று சாப்பாட்டு மேசையில் மனைவி நேரடியாகவே கேட்டாள்.

"அவ மேல சந்தேகப்படுறீங்களாமே?"

"அவ மேல மட்டும் இல்ல. எல்லார் மேலயும்தான்."

"என் மேலயும்?"

இதற்கு உடனே பதில் சொல்லியிருக்க வேண்டும். அவர் யோசித்தார். அன்றிரவு படுக்கை கூடத்தில்.

மறுநாள் முறைப்படி சோதனையைத் தொடங்கினார். தன் கணினியிலிருந்து பொய் உறுப்பினர்களைச் சேர்த்தார். 'சோதனை', 'சோதனை தம்பி', 'சோதனை மாமா' என்று ஒரு குடும்பமே உருவானது. படம் கேட்ட இடத்தில், முகமில்லாத சாம்பல் நிறத் தலை ஒன்றை ஒட்டினார். தபால்தலை அளவுகூட இல்லாத படம். ஒவ்வொருவரும் கண்ணிமைக்கும் நேரத்தில் ஒரே ஒருவராகச் சேர்ந்தார்கள். மென்பொருள் சுத்தம். பிழைகளைப் பேசுவதற்கென்று அந்த மென்பொருளுக்கு இணையத்தில் ஒரு பொதுப் பக்கம் இருந்தது, உலகில் யாரும் படிக்கலாம். அதில் எழுதினார்: "இரட்டைக் கணக்குகள் குறித்து: சோதித்ததில் மென்பொருளில் குறை எதுவும் தென்படவில்லை. பணியாளர் வேண்டுமென்றே இருமுறை பதிவதாக இருக்கலாம்." எழுதிவிட்டு, பதிந்ததா என்று பக்கத்தைத் திறந்து பார்த்தார். பிறகு கரடிக்குத் தனியாக ஒரு வரி அனுப்பி, வந்துசேர்ந்ததா என்று விசாரித்தார்.

மிச்சம் இருந்தது, கையும் களவுமாகப் பிடிப்பது. மாலையில் பத்திரிகைப் பகுதியில் போய் உட்கார்ந்தார். அங்கிருந்து கவுண்ட்டர் நன்றாகத் தெரியும். கவுண்ட்டரிலிருந்து அவரும் நன்றாகத் தெரிந்தார் என்பதை அவர் கணக்கில் எடுக்கவில்லை.

பாட்டு டீச்சர் ஒருவர் உறுப்பினராகச் சேர வந்திருந்தார். மச்சினி வேலை செய்யும் விதத்தை நம்மவர் அன்றுதான் முதல்முறை பார்த்தார். பெயரைத் திருப்பிப் படித்துக் காட்டினாள். விலாசத்தைச் சரிபார்த்தாள். டீச்சரை எழுப்பி ஜன்னலோரம் கொண்டுபோய் வெளிச்சத்தில் நிறுத்தித் தன் புது ஃபோனில் படம் எடுத்தாள்.

"கொஞ்சம் சிரிங்க டீச்சர். பழைய அட்டையில எல்லாரும் ஜாமீன்ல வந்தவங்க மாதிரி இருக்காங்க."

டீச்சர் சிரித்தார். அது பிடிக்காமல் இன்னொன்று எடுக்கச் சொன்னார். இரண்டாவது பிடித்தது. படம் கணினிக்குப் போனது. மச்சினி 'சேர்' பொத்தானை அழுத்தினாள். ஒருமுறை. பிறகு இரண்டு கைகளையும் எல்லாருக்கும் தெரிகிறாற்போல மேசைமேல் வைத்துக்கொண்டாள்.

டீச்சர் போனதும் பத்திரிகைப் பகுதிக்கே வந்துவிட்டாள்.

"மாமா, அது போன வருஷத்துப் பத்திரிகை. ஒரே பக்கத்தை இவ்வளவு நேரமா படிக்கிறீங்க, அவ்வளவு நல்லாவா இருக்கு?"

"சும்மா வந்தேன்."

"நான் ஒரு தடவைதான் அழுத்தறேன். பார்த்தீங்கல்ல?"

"ஆள் பார்க்கும்போது ஒரு தடவைதான் அழுத்துவாங்க."

வாயிலிருந்து வந்துவிட்டது. மச்சினியின் முகத்தில் கிண்டல் இருந்த இடம் காலியானது.

"நீங்க பூட்டை இழுத்து இழுத்துப் பார்க்கறப்போ நான் சிரிப்பேன். அது பூட்டு, அதுக்கு ஒண்ணும் ஆகாது. நான் பூட்டு இல்ல, மாமா."

அவள் போய்விட்டாள். அவர் போன வருஷத்துப் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு, மாடிப்படிக்குக் கீழே போய்க் கணினியைப் பார்த்தார். பாட்டு டீச்சர் இருவராக இருந்தார்.

அவர் கண்ணால் பார்த்தது ஒரு அழுத்தல். மனைவியை நம்பாதவர், பூட்டை நம்பாதவர், தன் கண்ணை மட்டும் நம்புகிறவர். எல்லாக் கணக்கையும் வைத்திருக்கும் மையக் கணினியான சர்வர், தன்னிடம் வந்துபோவதை எல்லாம் நேரம் போட்டுக் குறித்துக்கொள்ளும். அதைத் திறந்தார். டீச்சரின் விண்ணப்பம் இரண்டு முறை வந்திருந்தது. நடுவே எட்டு விநாடி. தையற்காரரைத் தேடினார். எட்டு விநாடி. பல் டாக்டரின் மனைவி, மருந்துக்கடைக்காரர், பூக்கடைக்காரர், அவர் மகள்: எட்டு, எட்டு, எட்டு, எட்டு.

திருட்டுத்தனமாக இரண்டாம் முறை அழுத்தும் கை ஒருநாள் ஆறில் அழுத்தும், ஒருநாள் பதினைந்தில் அழுத்தும், நடுவில் தும்மும். மனிதக் கை இவ்வளவு ஒழுங்காகத் தப்புச் செய்யாது. அது அவருக்குச் சட்டென்று புரிந்தது. எட்டு என்ற அந்த எண்ணையும் அவருக்குத் தெரியும்.

முந்தைய வருஷம் நூலகத்து இணைய இணைப்பு அடிக்கடி அறுந்துகொண்டிருந்தது. பொத்தானை அழுத்தினால் விண்ணப்பம் போய்ச் சேர்ந்ததா இல்லையா என்று தெரியாது. அவரால் பொறுக்க முடியவில்லை. அழுத்தி எட்டு விநாடிக்குள் சர்வரிடமிருந்து பதில் வராவிட்டால், திரையிலுள்ள விண்ணப்பப் பக்கம் தானாகவே இன்னொரு முறை அனுப்பும்படி ஒரு திருத்தம் எழுதினார். மென்பொருளுக்கே "வந்துச்சா?" என்று கேட்கக் கற்றுக்கொடுத்தார் என்றும் சொல்லலாம். கரடி பத்து விநாடி வைக்கலாமே என்றது. பத்து ரொம்ப அதிகம், எட்டுக்கு மேல் காத்திருப்பது முட்டாள்தனம் என்று நீளமாக வாதாடி இவர் ஜெயித்தார். அந்த வெற்றியைக் கொண்டாட வீட்டுக்கு இனிப்புகூட வாங்கிப் போனார்.

எந்த வரியை யார் எழுதியது என்று காட்டும் கட்டளை ஒன்று உண்டு. பிறர் தப்பைக் கண்டுபிடிக்க அவர் மிகப் பிரியத்துடன் பயன்படுத்துவது. பின்னால் யாராவது அந்த வரியைத் தொட்டுக் கெடுத்திருக்கக்கூடாதா என்ற ஆசையில் அதை ஓட்டினார். யாரும் தொடவில்லை. அவர் பெயரே வந்தது. நம்பாமல் மறுபடி ஓட்டினார். மறுபடியும் அதே பெயர்.

பிறகு எல்லாம் தானாகப் பொருந்தியது. மச்சினி புது ஃபோனில் எடுக்கும் படங்கள் பெரியவை. புருவத்து முடியை எண்ணலாம். அவ்வளவு பெரிய படத்தை விழுங்க அந்தக் கிழட்டுச் சர்வருக்கு எட்டு விநாடிக்கு மேல் ஆகும். அது விழுங்கிக்கொண்டிருக்கும்போதே பக்கம் பொறுமை இழந்து இரண்டாவது விண்ணப்பத்தை அனுப்பிவிடும். ஏற்கெனவே இப்படி ஒரு உறுப்பினர் இருக்கிறாரா என்று சர்வர் பார்க்கத்தான் செய்யும். ஆனால் முதல் ஆள் வாசலில் குடையை மடக்கிக்கொண்டு நிற்கிறார், இன்னும் உள்ளே போகவில்லை. உள்ளே எட்டிப் பார்த்தால் யாருமில்லை. சரி, வாருங்கள் என்று இரண்டாமவருக்கும் கதவு திறந்துவிடும். சாம்பல் தலைக்குக் குடையே கிடையாது, அதனால் சோதனைக் குடும்பம் ஒழுங்காக நுழைந்தது. பேப்பர்காரரின் கணக்குகள் ஏன் சுத்தம் என்பதும் விளங்கியது. அவர் படமே எடுப்பதில்லை. 'படம் பிறகு' என்ற பொத்தானை அழுத்திவிட்டு விளையாட்டுப் பக்கத்துக்குத் திரும்பிவிடுவார். சிரத்தையாக வேலை செய்தவள் மேல் சந்தேகம், சோம்பேறிக்கு நற்சான்று. அலுவலகங்களில் இது புதிதல்ல.

இனி என்ன செய்வது என்பதில் அவருக்கு இரண்டு வழிகள் தெரிந்தன. முதலாவது சுலபம். படத்தை அனுப்பும் முன்பே சிறிதாக்கிவிட்டு, 'வேகம் கூட்டப்பட்டது' என்று ஒரு குறிப்பு எழுதினால் போதும். இரட்டைகள் நின்றுவிடும். ஆனால் மச்சினி மாட்டிக்கொண்டதால் நிறுத்திவிட்டாள் என்றுதான் தலைமை நூலகர் நினைப்பார். இது அவருக்குத் தெரிந்தே இருந்தது. தெரிந்தும் அந்தக் குறிப்பைப் பாதிவரை எழுதினார் என்பதை மறைப்பதற்கில்லை.

எழுதும்போது அந்தப் பொதுப் பக்கத்தில் புதிதாக ஒரு பதில் வந்து நின்றது. எங்கோ ஒரு சிறிய நூலகம். "தகவலுக்கு நன்றி. எங்களிடமும் இதே தொல்லை. மென்பொருளில் குறை இல்லை என்று நீங்கள் உறுதியாக எழுதியிருந்ததால், எங்கள் தன்னார்வலர் ஒருவரை இனி வரவேண்டாம் என்று சொல்லிவிட்டோம். அவர் ஏதோ சொல்லப் பார்த்தார். நாங்கள் நம்பவில்லை."

கடைசி வாக்கியத்தைப் படித்துவிட்டு எழுந்தார். தலை படிக்கட்டில் இடித்தது. திரும்ப உட்கார்ந்து, பாதி எழுதியதை அழித்தார். அதே பக்கத்தில், தன் பழைய வரிகளுக்கு நேர் கீழே எழுதினார்: "மேலே நான் எழுதியது தவறு. பணியாளர் தவறல்ல. இரண்டாம் முறை அனுப்புவது நான் எழுதிய வரி. அந்தத் தன்னார்வலரைத் தயவுசெய்து கூப்பிடுங்கள்."

பிறகு தலைமை நூலகரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னார். அவர் பொறுமையாகக் கேட்டார். கேட்டு முடித்துப் புன்னகைத்தார்.

"நல்ல மனசு உங்களுக்கு."

"என்ன சார்?"

"மச்சினிக்காகப் பழியை நீங்க ஏத்துக்கறீங்க. புரியுது. எனக்கும் மச்சினி இருக்காங்க."

வாழ்க்கையில் யாரையும் நம்பாதவர், முதன்முதலாகத் தன் மேலேயே குற்றம் சொல்லி, நம்பப்படாமல் நின்றார். எட்டு விநாடியைச் சொன்னார், குடையைச் சொன்னார், கரடியைச் சொன்னார். கரடி வந்ததும் தலைமை நூலகரின் சந்தேகம் இன்னும் பலப்பட்டது.

"சார், நீங்க இன்னும் உறுப்பினராகலையே?"

"நான் எதுக்கு ஆகணும்? நூலகமே என்னுதுதானே."

"இப்ப ஆகுங்க. உங்க கையாலயே அழுத்துங்க."

இருவரும் கவுண்ட்டருக்கு வந்தார்கள். ஷிஃப்ட் முடிந்தும் பேப்பரை முடிக்காத பேப்பர்காரர் ஓரமாக உட்கார்ந்திருந்தார். மச்சினி மாமாவின் பக்கம் திரும்பாமலே தலைமை நூலகரை ஜன்னலோரம் நிறுத்திப் படம் எடுத்தாள். அவர் பார்த்துவிட்டு, இடது பக்கம்தான் தனக்கு எடுப்பு என்று சொல்லி இன்னொன்று எடுக்கவைத்தார். நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு விரலால், ஒரே ஒருமுறை அழுத்தினார். விரலை எடுத்துக்கொண்டார்.

"போச்சா?"

"பேசாம இருங்க சார்."

இதுவரை யாரும் அவரிடம் அப்படிச் சொன்னதில்லை. பேசாமல் இருந்தார். திரையில் வட்டம் சுற்றியது, சுற்றியது, நின்றது. மச்சினி உறுப்பினர் வரிசையைத் திறந்தாள். தலைமை நூலகர் மேலும் கீழுமாக இரண்டு முறை, இடது பக்கம் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"ஒருத்தரையே தாங்க முடியல" என்றது பேப்பர்.

தலைமை நூலகர் இரண்டு தலைமை நூலகர்களையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மச்சினியிடம், "ஒண்ணை அழிச்சிடுங்கம்மா. எது நல்லா இருக்கோ அதை வச்சுக்கங்க" என்றார்.

"ரெண்டும் ஒரே படம்தான் சார்."

"தெரியும். இருந்தாலும் பார்த்து வைங்க." போகிறபோது, கதவருகே நின்று, "உங்க பேரு கமிட்டிக்குப் போகுது. நாளைக்கே அனுப்பிடறேன்" என்று சேர்த்துக்கொண்டார்.

நம்மவர் வாயைத் திறந்தார். அனுப்பியதும் ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று கேட்கத்தான். மச்சினி ஒரு பார்வை பார்த்தாள். மூடிக்கொண்டார்.

புதுத் திருத்தம் அந்த வாரமே ஏறியது. ஒவ்வொரு விண்ணப்பமும் கிளம்பும்போதே ஒரு சீட்டு எண்ணோடு கிளம்பும். அதே சீட்டோடு இரண்டாவதாக எது வந்தாலும், முதல் ஆள் வாசலில் நிற்கிறார், கொஞ்சம் பொறு என்று சர்வர் சொல்லிவிடும். கரடி படித்துப் பார்த்துச் சரி சொன்னது. கீழே ஒரே ஒரு வரி சேர்த்திருந்தது: "நான் பத்து என்று சொன்னதாக ஞாபகம்."

கமிட்டி கூடியது, மச்சினிக்கு வேலை நிரந்தரமானது. வீட்டில் மனைவி அவரைக் கூடத்திலிருந்து திரும்ப உள்ளே சேர்த்துக்கொண்டாள். மச்சினி மட்டும் தேவைக்கு மேல் பேசவில்லை. காலையில் அவர் பூட்டை இழுக்கும்போது சிரிப்பதும் இல்லை. அது அவருக்கு உறுத்தியது. ஒருநாள் அவள் சிரிக்கட்டும் என்றே கூடுதலாக ஒருமுறை இழுத்துப் பார்த்தார். பலனில்லை.

சில நாள் கழித்து ஒரு மாலை, கவுண்ட்டரில் கூட்டம் குறைந்த நேரத்தில், இரண்டு காபியோடு மாடிப்படிக்குக் கீழே குனிந்து நுழைந்தாள். அவர் அந்தப் பொதுப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்தச் சிறிய நூலகத்தின் பதில் அதில் இருந்தது: "தன்னார்வலருக்கு எல்லாவற்றையும் விளக்கி எழுதியிருக்கிறோம். இன்னும் பதில் இல்லை."

"அவங்க திரும்பி வந்தாங்களா, மாமா?"

"தெரியல. எழுதியிருக்காங்களாம். போய்ச் சேர்ந்துச்சோ இல்லையோ." அவர் கை விசைப்பலகைக்குப் போனது. "இன்னொரு தடவை எழுதச் சொல்லிப் பார்க்கட்டுமா?"

மச்சினி காபியை அந்தக் கைக்கும் விசைப்பலகைக்கும் நடுவில் வைத்தாள்.

"வேணாம். ஒருத்தரை வராதேன்னு சொல்லிட்டு, அப்புறம் வான்னா உடனே வந்துடுவாங்களா? அவங்களுக்குக் கொஞ்சம் நேரம் ஆகும்."

"உனக்கு?"

"எனக்கும்தான்."

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். அவர் காபியை எடுத்துக்கொண்டார். இருவரும் திரையைப் பார்த்துக்கொண்டு குடித்தார்கள். எட்டு விநாடி எப்போதோ கடந்துவிட்டிருந்தது.